பின்பனியில் இறங்கும் வேர்: தை, மாசியில் வீட்டுத் தோட்டத்துக்குச் செய்ய வேண்டியவை

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்த மச்சின் மேல் இப்போது தொட்டிகளும் க்ரோ பேக் எனும் செடிப் பைகளும் வந்துவிட்டன. விடிகாலையில் போய்ப் பார்த்தால் இலைகளெல்லாம் நனைந்திருக்கும், மண் கறுத்திருக்கும். கத்தரி காய்த்துக்கொண்டிருக்கும், அவரை கடைசிப் பூவை விட்டுக்கொண்டிருக்கும். தோட்டத்தில் பெரிதாக வேலை ஒன்றும் இல்லாத காலம் போலத்தான் தோன்றும். ஆனால் சித்திரையில் செடி நிற்குமா சாயுமா என்பது இந்த எட்டு வாரத்தில்தான் முடிவாகிறது.

மாசியையும் பங்குனியையும் பின்பனிக்காலம் என்பது பழைய பருவக் கணக்கு. சமவெளியில் பங்குனி பாதிக்குள்ளேயே வெயில் கோடையாகிவிடுவதால், தோட்டத்துக்குக் கிடைக்கும் பின்பனி என்பது பொங்கல் கழிந்த மறுநாளிலிருந்து மாசி கடைசி வரைதான். நீலகிரி, கொடைக்கானல் போல உறைபனி விழும் இடங்களின் கணக்கு முழுக்க வேறு. இங்கே சொல்வது சமவெளி வீடுகளுக்கு.

இந்தக் காலத்தின் குணத்தைப் புரிந்துகொண்டால் எந்த வேலை ஏன் இப்போது என்பது தானே விளங்கும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதியை வடகிழக்குப் பருவமழை கொடுத்துவிட்டுத் தை பிறக்கும்போது விலகிக்கொள்கிறது. வானம் தெளிந்துவிடுவதால் பகலில் சூடு ஏறுகிறது. அதே தெளிந்த வானம் இரவில் சூட்டை வெளியே விட்டுவிடுகிறது. கோவை, சேலம் போன்ற உள்மாவட்டங்களில் பிப்ரவரி, மார்ச்சில் பகலுக்கும் இரவுக்கும் 12 முதல் 14 டிகிரி வரை இடைவெளி வரும். கடலோரத்தில் இது குறைவு. இலையில் இரவெல்லாம் பனி, பகலெல்லாம் வறண்ட காற்று. இலையில் வெண்பொடி பூக்கும் சாம்பல் நோய்க்கும், சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான இலைப்பேனுக்கும் இதைவிட நல்ல காலம் கிடையாது. விதைக்கும் வேருக்கும்கூட இதுதான் நல்ல காலம், ஏனென்றால் மண் இன்னும் சுடவில்லை. பங்குனி பிறந்தபின் மொட்டைமாடியில் கறுப்புப் பை ஒன்று மதியத்தில் தொட முடியாத அளவு சுடும். பையின் ஓரத்து வேர் அப்போது வளராது, கருகும். அதற்குள் வேர் பையின் நடுவுக்கும் அடிக்கும் இறங்கியிருக்க வேண்டும்.

பழைய பையைக் கவிழ்த்துப் பாருங்கள்

முதல் வேலை, முடிந்துபோன செடிகளை அகற்றுவது. மேலே அறுத்துவிட்டு வேரை மண்ணிலேயே விடுவதாக இருந்தால், அதற்கு முன் ஒரு செடியையாவது முழுசாகப் பிடுங்கி வேரைப் பார்த்துவிடுங்கள். தக்காளி, கத்தரி, வெண்டை வேர்களில் மணி கோர்த்ததுபோல முண்டு முண்டாக இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு, வேருக்குள் வாழும் நுண்ணிய புழு. அவரை, தட்டைப்பயறு வேரிலும் முடிச்சு இருக்கும். அது நல்ல முடிச்சு, காற்றின் நைட்ரஜனைத் தழைச்சத்தாகச் சேர்க்கும் பாக்டீரியாவின் வீடு. இரண்டையும் பிரித்தறிய விரல் போதும். பயறு வேரின் முடிச்சை நகத்தால் தள்ளினால் வேரை விட்டு உதிர்ந்துவிடும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சு உதிராது. வேரே அந்த இடத்தில் வீங்கியிருக்கிறது, பிய்த்தால் வேரும் சேர்ந்து அறுந்து வரும்.

நூற்புழு இருந்த மண்ணில் மறுபடி தக்காளி, கத்தரி, வெண்டை, பாகல் எதை வைத்தாலும் செடி பகலில் துவண்டு மாலையில் நிமிரும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஊற்றிக்கொண்டே இருப்போம். அந்த மண்ணைத் தனியே கொட்டி, கல் பொறுக்கி, பிழிந்தால் கையில் நிற்கும் அளவுக்கு நனைத்து, அரை அடி கனத்தில் பரப்பி, நிறமில்லாத பாலிதீன் தாளால் மூடி, ஓரங்களில் மண் அணைத்துக் காற்று புகாமல் 4 முதல் 6 வாரம் வெயிலில் விடலாம். தாள் நிறமில்லாததாக இருப்பது முக்கியம். கறுப்புத் தாள் சூட்டைத் தானே வாங்கிக்கொள்ளும், மண்ணுக்குள் விடாது. ஈரம் இல்லாமல் மூடினாலும் பயன் இல்லை, காய்ந்த மண்ணில் சூடு கீழே இறங்காது. மாசி நடுவில் மூடினால் பங்குனிக் கடைசியில் எடுக்கலாம். நிலத்தில் இப்படிச் செய்ய முடியாதவர்கள் அந்த இடத்தில் ஒரு பருவம் துலுக்கச் சாமந்தி வைப்பது நல்லது. அதன் வேர்க்கசிவு நூற்புழுவைக் குறைக்கும்.

நோயில்லாத பழைய மண்ணைத் தூக்கி எறியத் தேவையில்லை. மூன்று மாத மழை அதிலிருந்த தழைச்சத்தையும் சாம்பல்சத்து எனும் பொட்டாசியத்தையும் கழுவிக்கொண்டு போயிருக்கும். மண்ணின் கட்டுக்கோப்பு மட்டும் மிச்சம். 12 அங்குல அகலம், 12 அங்குல உயரமுள்ள பை ஒன்று சுமார் 22 லிட்டர் கொள்ளும். அதன் பழைய மண்ணோடு 5 லிட்டர் நன்கு மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம், 50 கிராம் வேப்பம் புண்ணாக்கு, நோய்ப் பூஞ்சையை அடக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி ஒரு தேக்கரண்டி கலந்து, லேசாக ஈரப்படுத்தி, நிழலில் 10 நாள் வைத்துப் பிறகு நடலாம். வேப்பம் புண்ணாக்கைக் கலந்த அன்றே விதை போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அது மக்கும்போது சூடு கிளம்பும், பூஞ்சணம் பூக்கும், முளை அழுகும்.

புதிதாக நிரப்புபவர்களுக்குச் செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மக்கிய உரம் மூன்றும் சம அளவு. நார்க்கழிவுக் கட்டியை அப்படியே கரைத்துப் போடக்கூடாது. தேங்காய் மட்டை உப்புத்தண்ணீரில் ஊறியதாக இருந்தால் அந்த உப்பு கட்டியிலும் இருக்கும். 5 கிலோ கட்டி 20 முதல் 25 லிட்டர் தண்ணீர் குடித்து 60, 70 லிட்டராக ஊதும். அந்தத் தண்ணீரைப் பிழிந்து ஊற்றிவிட்டு இன்னும் இரண்டு முறை கழுவுங்கள். முதல் தண்ணீர் டிகாக்‌ஷன்போல இறங்கும், மூன்றாவது வெளிர்ந்த தேநீர் நிறத்துக்கு வந்தால் போதும். கழுவாத நார்க்கழிவில் நட்ட நாற்றின் இலை ஓரம் பத்து நாளில் கருகத் தொடங்கும்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிற தொட்டிகளின் விளிம்பில் வெள்ளையாக ஒரு பொருக்கு படியும். அதுவும் உப்புதான். மழை முடிந்து வெயில் ஏறும்போது மண்ணிலுள்ள தண்ணீர் ஆவியாகி உப்பை மேலே விட்டுவிட்டுப் போகும். மேல்மண்ணை ஒரு அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு, தொட்டியின் கொள்ளளவைப்போல இரண்டு மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி அடி ஓட்டை வழியே வெளியேற்ற வேண்டும். சேமித்த மழைத்தண்ணீர் இருந்தால் அது இந்த வேலைக்குத்தான். ஊற்றும்போதே அடி ஓட்டையை வேர் அடைத்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

பந்தல் காய்க்கு ஏன் தைப்பட்டம்

பாகல், புடலை, பீர்க்கன், சுரை, பூசணி, வெள்ளரி எல்லாவற்றுக்கும் விதைக்கும் பருவம் இரண்டு, ஆடிப்பட்டம் ஒன்று, தைப்பட்டம் ஒன்று. கொடிக்காய்களில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியாகப் பூக்கும். எது அதிகம் பூப்பது என்பதைக் கொடி வளரும் நாட்களின் சூடும் பகல்நீளமும் பெரிதும் தீர்மானிக்கின்றன. இரவு குளிர்ச்சியாகவும் பகல் குட்டையாகவும் இருந்தால் பெண் பூ கூடும். சூடும் பகலும் நீள நீள ஆண் பூ பெருகும். தை நடுவில் விதைத்த கொடி, மாசிக் குளிர் இருக்கும்போதே மொட்டு கட்டத் தொடங்கிவிடும். பங்குனியில் விதைத்த கொடி பந்தல் முழுக்கப் படர்ந்து, மஞ்சள் மஞ்சளாகப் பூத்து, காய் மட்டும் பிடிக்காமல் நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம். கடலைப் புண்ணாக்குக் கரைசலை வாராவாரம் ஊற்றுவது அதை இன்னும் மோசமாக்கும். தழைச்சத்து மிஞ்சினாலும் இலையும் ஆண் பூவும்தான் பெருகும்.

நிலத்தில் என்றால் ஒன்றரை அடி குழி வெட்டி, 10 கிலோ தொழுவுரத்தை மேல்மண்ணோடு கலந்து நிரப்பி, குழிக்கு 4 அல்லது 5 விதை ஊன்றி, முளைத்தபின் வலுவான இரண்டை விட்டுவிட்டு மற்றதை நறுக்கிவிடலாம். பிடுங்கினால் பக்கத்து வேரும் அசையும். மாடியில் 15 அங்குலப் பைக்கு ஒரு கொடி. பைக்கு இரண்டு கொடி என்பது பங்குனியில் தண்ணீர்ச் சண்டையாக முடியும்.

பாகல், புடலை விதையின் ஓடு தடிமன். தை இரவின் குளிரில் அப்படியே ஊன்றினால் முளைக்க இரண்டு வாரம்கூட ஆகும், அதற்குள் ஈரத்தில் அழுகிவிடும். கூர்முனையின் ஓரத்தை நகவெட்டியால் மிக லேசாகக் கிள்ளி, 12 மணி நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து, சமையலறையில் சூடான இடத்தில் வைத்தால் மூன்று நான்கு நாளில் வெள்ளை முளை எட்டிப்பார்க்கும். முளை அரை அங்குலம் நீளுமுன் 2 செ.மீ. ஆழத்தில் ஊன்றிவிட வேண்டும். முளைத்ததும் சிவப்பு வண்டு வரும். விதையிலைகளை ஓட்டை போட்டுத் தின்பது அதுதான். குளிர்ந்த காலையில் அது சோம்பிக் கிடக்கும். ஏழு மணிக்குமுன் கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம், வெயில் ஏறினால் பறந்துவிடும். இலைமேல் பனி இருக்கும்போதே விறகுச் சாம்பலை மெல்லத் தூவினால் ஒட்டிக்கொள்ளும்.

சுரையிலும் பாகலிலும் பெண் பூ பக்கக் கிளைகளில்தான் அதிகம். மாடித்தோட்டக்காரர்கள் 3ஜி கட்டிங் என்று சொல்வது இதைப் பயன்படுத்துவதுதான். முதன்மைக் கொடி பந்தலைத் தொட்டு 6, 7 அடி வந்ததும் நுனியைக் கிள்ள, பக்கக் கிளை வரும். அது 12 இலை விட்டதும் அதன் நுனியையும் கிள்ள, மூன்றாம் தலைமுறைக் கிளையில் பெண் பூ நெருக்கமாக வரும். கொடி மெலிந்திருந்தால் இதைச் செய்ய வேண்டாம். பத்து இலைகூட இல்லாத கொடியைக் கிள்ளினால் காய்க்குச் சோறு போட ஆள் இருக்காது.

நகரத்து மாடிகளில் பூச்சி நடமாட்டம் குறைவு என்பதால் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டியிருக்கும். அதிகாலையில் எல்லாக் கொடிக்கும் செய்துவிட்டு, பாகல் பிடித்தது புடலை பிடிக்கவில்லை என்று சொல்வதைக் கேட்கலாம். நேரம்தான் காரணம். பூசணி, பாகல், வெள்ளரி காலையில் விரிகிறவை. பூசணிப் பூ வெயில் ஏறுவதற்குள் மூடிக்கொள்ளும், ஆகவே எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். பீர்க்கன் மாலை 5 மணிக்கு மேல் விரியும். சுரையின் வெள்ளைப் பூவும் மாலையில்தான். புடலையின் நூல் நூலான பூ இருட்டத் தொடங்கியபின் விரியும். இரவில் வரும் அந்துப்பூச்சிகளுக்காகப் பூப்பவை இவை. ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்து, நடுத்தண்டை விரலில் தொட்டுப் பாருங்கள். மஞ்சள் தூள் ஒட்டினால் மகரந்தம் தயார். அதைப் பெண் பூவின் நடுவிலுள்ள பிசுபிசுப்பான மடல்கள் எல்லாவற்றிலும் படும்படி சுற்றித் தடவ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தடவினால் காய் ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சூம்பி வளைந்துவரும். பிஞ்சு மூன்று நான்கு நாளில் மஞ்சளாகி உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை. பச்சையாகப் பெருத்துவந்து, பிறகு ஓரிடத்தில் பிசின் கசிந்து அழுகினால் அது பழ ஈ குத்தியது.

பழ ஈக்கு, ஆண் ஈயை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வாங்கும்போது கவனம் தேவை. கடையில் மீத்தைல் யூஜினால், கியூலூர் என்று இரண்டு வில்லை கிடைக்கும். முதலாவது மா, கொய்யாவைத் தாக்கும் ஈக்கு. பந்தல் காய் ஈக்குக் கியூலூர்தான். மாற்றி வாங்கினால் பொறி நிறைய ஈ விழும், பாகல் மட்டும் அழுகிக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று பந்தல் கொடி உள்ள வீட்டில் பிஞ்சு பிடித்த இரண்டாம் நாளே அதைச் செய்தித்தாள் குழாயிலோ வலைப்பையிலோ போட்டுக் கட்டுவது பொறியைவிட நம்பகமானது. புடலை நேராக நீள, நுனியில் ஒரு சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடும் பழக்கத்தைத் தொடரலாம்.

தக்காளிக்கு நாள் கணக்கு

தை பிறந்தபின் தக்காளி விதை போடலாமா என்ற கேள்விக்கு எண்ணிப் பார்த்தால் விடை வந்துவிடும். நாற்று 25 நாள், நட்டபின் முதல் பூ ஏறக்குறைய 30 நாள். ஜனவரி 15-ல் போட்ட விதை மார்ச் 10 வாக்கில் பூக்கும். இரவு 22, 23 டிகிரிக்கு மேல் போய், பகல் 35-ஐத் தொடும்போது தக்காளியின் மகரந்தம் செயலிழந்து பூ கொத்தோடு உதிரும். உள்மாவட்டங்களில் மார்ச் நடுவிலேயே அந்த நிலை. ஆகவே மார்கழியிலேயே நாற்றுவிட்டவர்கள் மட்டும் இப்போது நடலாம். மாசியில் நர்சரியில் வாங்கி வைக்கும் தக்காளி நாற்று இலை மட்டும் தரும். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், கொத்தமல்லி எல்லாம் சமவெளியில் இதோடு முடிந்தது. மாசியில் விதைத்த கொத்தமல்லி மூன்று இலை விட்டதும் பூத்தண்டு நீட்டிவிடும்.

வெயிலைத் தாங்குபவை வெண்டை, கொத்தவரை, கத்தரி, தட்டைப்பயறு, தண்டுக்கீரை. வெண்டை விதையை இரவு முழுக்க ஊறவைத்து மறுநாள் நேரடியாக ஊன்றலாம், 45 நாளில் முதல் காய். இலை நரம்பு மஞ்சளாகிப் பின்னல்போலத் தெரியும் செடியை அன்றே பிடுங்கிவிட வேண்டும். அது மஞ்சள் நரம்புத் தேமல், வெள்ளை ஈ பரப்பும் வைரஸ், மருந்து கிடையாது. ஒரு செடிமேல் இரக்கப்பட்டால் பத்துச் செடி போகும்.

கத்திரியும் கவனமும்

மல்லிகை, முல்லை, பிச்சி மூன்றுக்கும் ஒரே நாளில் கவாத்து செய்வதுதான், அதாவது கிளைகளை வெட்டிவிடுவதுதான், வீடுகளில் நடக்கும் தவறு. குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், ஜாதிமல்லி எனும் பிச்சிக்கு டிசம்பர் கடைசி வாரம், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம். முல்லையைத் தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்துக்குத் தைக் கடைசியில் வெட்டலாம். வெட்டு கணுவுக்கு மேலே அரை அங்குலம் விட்டுச் சாய்வாக இருக்கட்டும், பனித்தண்ணீர் வெட்டில் தங்காது. விரல் தடிமனுக்கு மேலான வெட்டுக்கு, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை தடவுங்கள். நவம்பரில் குண்டுமல்லியை வெட்ட மறந்தவர்கள் மாசியில் அரையளவுக்கு வெட்டிவிடுவார்கள். பூ புதுத்தளிரின் நுனியில் வருவது. பங்குனியில் வரவேண்டிய முதல் பூப்பு அதனால் தள்ளிப்போகும். இப்போது காய்ந்த குச்சியும் உள்நோக்கி வளர்ந்த கிளையும் எடுத்தால் போதும்.

கறிவேப்பிலை மார்கழிக் குளிரில் சுணங்கி, இலை வெளிறி நிற்கும். சத்துக் குறைவு என்று உரம் கொட்ட வேண்டாம், குளிர்ந்த மண்ணில் வேர் எடுத்துக்கொள்ளாது. மாசி இரண்டாம் வாரம் நுனிகளை வெட்டி, பூங்கொத்து இருந்தால் அகற்றி, பிறகு தொட்டிக்கு இரண்டு கை மண்புழு உரம் போட்டால் பத்து நாளில் தளிர் வெடிக்கும்.

மாமரம் பூத்திருக்கும் வீட்டில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். பூக்காலத்தில் ஈரமும் உரமும் கிடைத்தால் மரம் தளிர் விடப் போய்விடும். பிஞ்சு பட்டாணி அளவு வந்தபின் தண்ணீரைத் தொடங்கலாம். பூங்கொத்தில் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு காயானாலே மரத்துக்கு அது சுமைதான், உதிர்வதைக் கண்டு மருந்து தேட வேண்டாம். பூக்காம்பில் சாம்பல் பூத்தாற்போல் தெரிந்தாலும், இலையில் தேன்போலப் பிசுபிசுத்தாலும் கவனிக்க வேண்டும். முன்னது சாம்பல் நோய், பின்னது தத்துப்பூச்சி.

சுருட்டையும் மாவும்

மிளகாய் இலை சுருண்டால் எல்லாரும் சுருட்டை என்று ஒரே பெயர் சொல்கிறோம். இலை ஓரம் மேல்நோக்கிப் படகுபோல மடங்கினால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு, இலை குறுகினால் மஞ்சள் சிலந்திப்பேன். சிலந்திப்பேன் பூச்சியினம் கிடையாது, பூச்சிமருந்து அதைத் தொடாது. அதைத் தின்னும் நல்ல பூச்சிகள்தான் செத்து, சிலந்திப்பேன் பெருகும். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் சிலந்திப்பேனுக்கும் சாம்பல் நோய்க்கும் வேலை செய்யும். இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய், நீலநிற ஒட்டும் அட்டை. கந்தகத்துக்கு இரண்டு கட்டுப்பாடு. வெயில் 32 டிகிரிக்கு மேல் போகும் நாளில் அடித்தால் இலை வெந்துவிடும். எண்ணெய்க் கரைசல் அடித்த செடியில் இரண்டு வாரத்துக்குள் அடித்தாலும் அதே கதி. பாகல், வெள்ளரி வகைகளில் கந்தகத்தைத் தவிர்ப்பது நல்லது, அவற்றின் இலை அதைத் தாங்காது.

வேப்பெண்ணெய் பலனில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் கலக்கும் வரிசையில் தவறுகிறார்கள். ஒரு லிட்டருக்கு 5 மில்லி எண்ணெய், 2 மில்லி சோப்புக் கரைசல். முதலில் எண்ணெயையும் சோப்பையும் ஒரு கிண்ணத்தில் பால்போல ஆகும்வரை அடித்து, அதில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீரில் எண்ணெயை ஊற்றினால் அது மேலே மிதக்கும். ஸ்பிரேயரின் குழாய் அடியிலிருந்து உறிஞ்சுவதால் முதல் பத்துச் செடிக்கு வெறும் தண்ணீர், கடைசி இரண்டு செடிக்குச் சுத்த எண்ணெய். மாலை 5 மணிக்கு மேல், இலையின் அடிப்பக்கம் நனைய அடித்து, மிச்சத்தை நாளைக்கு வைக்காமல் ஊற்றிவிடுங்கள்.

செம்பருத்தியிலும் பப்பாளியிலும் மாவுப்பூச்சி இந்த வறட்சியில்தான் ஏறும். அடித்துத் தீர்க்குமுன் அந்த வெள்ளைக் கூட்டத்தை உற்றுப் பாருங்கள். நடுவில் ஒன்று மற்றதைவிடப் பெரிதாக, உடலெங்கும் வெள்ளை மெழுகுத் திரிகள் தொங்க, வேகமாக ஊர்ந்துபோனால் அது மாவுப்பூச்சியின் பெரியண்ணன் இல்லை. கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் புழு, மாவுப்பூச்சியைத் தின்றுகொண்டிருப்பது. உண்மையான மாவுப்பூச்சி தொட்டால்கூட மெல்லத்தான் நகரும். அந்தப் புழு தெரிந்த கிளையில் மருந்து வேண்டாம். உயிரியல் கட்டுப்பாடு என்பது ஏட்டுச் சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: 2008-ல் கோவையில் தென்பட்டுப் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தோட்டம் தோட்டமாக அழித்த பப்பாளி மாவுப்பூச்சியை, 2010-ல் போர்ட்டோரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட அசரோபேகஸ் பப்பாயே என்ற கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னக் குளவிதான் அடக்கியது. கண்டபடி மருந்தடிக்கும் தோட்டத்தில் அந்தக் குளவி நிற்காது.

உதிரும் இலையும் ஏறும் வெயிலும்

மாசியில் வேம்பும் புங்கனும் வாதாம்மரமும் இலை உதிர்க்கும். தெருவில் குவித்து எரிக்கப்படும் அந்தச் சருகு கோடைக்கு நாம் கடையில் தேடப்போகும் மூடாக்குதான், மண்ணின் ஈரம் காக்கும் போர்வை. இரண்டு மூன்று சாக்கு சேர்த்து வையுங்கள். வாதாம் இலை பெரிது, அப்படியே போட்டால் தண்ணீர் இறங்காமல் ஓடுபோல மூடிக்கொள்ளும், நொறுக்கிப் போட வேண்டும். தண்டிலிருந்து இரண்டு அங்குலம் விலகி, இரண்டு அங்குலக் கனம். தண்டை ஒட்டிப் போட்டால் பனியீரத்தில் தண்டு அழுகும், நத்தையும் தங்கும். மிச்சச் சருகு மூன்று வாளிக்குச் சமையலறைக் கழிவு ஒரு வாளி என்று அடுக்கினால் ஆடிக்கு உரம்.

தண்ணீரை மட்டும் பழக்கத்தின்படி ஊற்றாதீர்கள். தையில் மேல்மண் காய்ந்து தெரிந்தாலும் அடியில் ஈரம் இருக்கும். விரலை இரண்டாவது கணு வரை விட்டுப் பார்த்து, அங்கேயும் காய்ந்திருந்தால் ஊற்றினால் போதும். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி ஊற்றுவதைவிட, அடியில் கசியும்வரை ஊற்றி இடைவெளி விட்டால் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே போகும். இதைப் பழக்க மாசி ஒன்றுதான் வசதியான மாதம். பங்குனியில் செடிக்குச் சோதனை வைக்க முடியாது. மாலையில் இலைமேல் தண்ணீர் தெளிக்காதீர்கள், பனியோடு சேர்ந்து இரவெல்லாம் ஈரம் நிற்கும். நார்க்கழிவு அதிகமுள்ள பை முற்றிலும் காய்ந்துவிட்டால் தண்ணீர் ஓரமாக ஓடி அடியில் வழிந்துவிடும், நடு மண் உலர்ந்தே இருக்கும். குச்சியால் ஐந்தாறு துளை போட்டு மூன்று தடவையாக ஊற்ற வேண்டும்.

நிழல்வலைக்குக் கம்பமும் கம்பியும் இப்போதே கட்டலாம், வலையை மட்டும் பங்குனி இரண்டாம் வாரம் வரை விரிக்காதீர்கள். மாசி வெயில் செடிக்குத் தேவையான வெயில். காய்கறிக்கு 35 சதவீத வலை போதும். 75 சதவீதம் வாங்கினால் கொடி நெடுநெடுவென்று நீண்டு பூக்காது. பச்சை வலை கிடைத்தால் போதும் என்று வாங்குபவர்கள் சதவீதத்தைக் கேட்டு வாங்க வேண்டும். வலை செடியின் உச்சியிலிருந்து குறைந்தது மூன்று அடி மேலே இருந்தால்தான் காற்று ஓடும். ஈரமான 15 அங்குலப் பை ஒவ்வொன்றும் 40 கிலோவைத் தாண்டும் என்பதால் பைகளை மாடியின் நடுவில் குவிக்காமல் சுவரை ஒட்டி, செங்கல்மேல் தூக்கி வையுங்கள். தரையின் சூடு வேருக்கு நேராக ஏறாது.

அவரையும் கத்தரியும் முடியும்போது ஒன்றிரண்டு காயை விதைக்கு விடுங்கள். நோயில்லாத செடியின் நடுப்பகுதிக் காய். அவரை நெற்று கொடியிலேயே காய்ந்து, காதருகே ஆட்டினால் விதை குலுங்க வேண்டும். கத்தரி மஞ்சளாகப் பழுத்து மெத்தென்றானபின் வெட்டி, விதையைத் தண்ணீரில் பிசைந்து, மிதப்பதை ஊற்றிவிட்டு அடியில் தங்கியதை எடுக்கலாம். உச்சி வெயில் வேண்டாம், பதினொரு மணிக்கு முன்னும் மூன்று மணிக்குப் பின்னுமாக நாலைந்து நாள் வெயிலில் காயவைத்து, அவரையைப் பல்லால் கடித்தால் உடையும் பதத்தில் சாம்பல் புரட்டிக் கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி, பெயரும் மாதமும் எழுதி இருட்டலமாரியில் வையுங்கள். ஆடிக்கு அதைத்தான் எடுக்கப்போகிறோம்.